ராஜாவின் முகத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள்: இங்கிலாந்தின் இடைக்கால வெள்ளிக்காசுகள்

நீங்கள் கேட்டதன் சாரம் இது. லண்டனில் குடியிருக்கிறீர்கள். மகளுக்குப் பள்ளியில் நார்மன் படையெடுப்பு, மாக்னா கார்ட்டா எல்லாம் பாடம். அந்தக் காலத்து வெள்ளிக்காசுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க ஆசை. கையில் ஐந்நூறு பவுண்ட் வரை ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு ராஜாவுக்கு ஒரு காசு என்று தொடங்கலாமா, ரிச்சர்ட் த லயன்ஹார்ட் காலத்துக் காசு கிடைக்குமா, போலியில் ஏமாறாமல் இருப்பது எப்படி, வாங்கியதைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா?

ஒரு ராஜாவுக்கு ஒரு காசு வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். 1066 முதல் 1485 வரை பதினெட்டு அரசர்கள். அதில் ஆறேழு பேருடைய காசு எளிதாகக் கிடைக்கும். மிச்சத்தில் வில்லியம் ரூஃபஸ், நான்காம் ஹென்றி, ஐந்தாம் எட்வர்ட், மூன்றாம் ரிச்சர்ட் என்று ஒவ்வொருவரும் உங்கள் மொத்தத் தொகையையும் ஒரே காசில் விழுங்குவார்கள், அதற்கு மேலும் கேட்பார்கள். பட்டியலில் பெயரை நிரப்ப வேண்டுமே என்று தேய்ந்த, உடைந்த, பாதி எழுத்து இல்லாத காசுகளை அதிக விலைக்கு வாங்குவதில்தான் அந்த வழி போய் முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த முகங்கள் யாருடைய முகமும் அல்ல. நேராகப் பார்க்கும் ஒரு முகம், கிரீடம், இரண்டு பக்கமும் சுருள்முடி. 1279-ல் முதலாம் எட்வர்டுக்காக அச்சில் வெட்டிய அந்த முகமே சிறு சிறு மாற்றங்களோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. மகன், பேரன், எதிரி குலத்தவன் எல்லோருக்கும் அதே முகம். உயிருள்ள ஒரு மனிதனைப் பார்த்து வரைந்தது போன்ற பக்கவாட்டு முகம் ஏழாம் ஹென்றியின் கடைசி ஆண்டுகளில், 1500-க்குப் பிறகுதான் வருகிறது.

ஆனால் காசைத் திருப்பினால் நிஜ மனிதன் ஒருவன் அங்கே இருக்கிறான். 1279 வரைக்கும் ஏறத்தாழ எல்லா ஆங்கிலப் பென்னியின் (அந்தக் காலத்து வழக்கமான வெள்ளிக்காசு அதுதான்) பின்பக்கத்திலும் இரண்டு பெயர்கள் உண்டு: அந்தக் காசுக்குப் பொறுப்பேற்ற அக்கசாலைக்காரரின், அதாவது நாணயச்சாலையில் காசு அடித்தவரின் பெயர், அது அடிக்கப்பட்ட ஊரின் பெயர். சுமார் 973-ல் எட்கர் அரசர் நாணய முறையைச் சீர்திருத்தியபோது நாடு முழுக்க இதைக் கட்டாயமாக்கினார். வெள்ளி குறைந்தாலோ எடை குறைந்தாலோ யாரைப் பிடிப்பது என்று காசே சொல்லிவிடும். பிடித்தும் இருக்கிறார்கள். 1124 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலாம் ஹென்றி நாட்டின் அக்கசாலைக்காரர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்தார். வந்தவர்களில் பெரும்பாலானோர் வலது கையை இழந்தார்கள், விதையும் அறுக்கப்பட்டது. ஒரு குறிப்பு 94 பேர் என்கிறது. அந்த ஆட்சிக் காசுகளில் நிறைய, விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டோடு இருக்கும். உள்ளே செம்பு இல்லை, வெள்ளிதான் என்று காட்ட அக்கசாலையிலேயே போட்ட வெட்டு அது. மக்களுக்குக் காசின் மேல் அந்த அளவுக்கு நம்பிக்கை போயிருந்தது.

ஆகவே பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மிகப் பொருத்தமானதும், விலை கட்டுப்படியாவதும், 1247 முதல் 1279 வரை அடித்த பென்னிகள். டீலர்கள் ‘லாங் கிராஸ்’ என்பார்கள், நெட்டைச் சிலுவைக் காசு.

ஏன் நெட்டைச் சிலுவை? அதற்கு முன்பிருந்தது குட்டைச் சிலுவை, ‘ஷார்ட் கிராஸ்’. அதில் சிலுவை உள்வட்டத்தோடு நின்றுவிடும், வெளியே எழுத்து ஓடும். விளிம்பைக் கத்தரித்து வெள்ளியைச் சேர்ப்பவர்களுக்கு இது வசதி. 1240-களில் புழங்கிய காசுகள் உள்வட்டம் வரை வெட்டப்பட்டு, எழுத்தே இல்லாமல் வந்ததாக செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் வரலாற்றாசிரியர் மாத்யூ பாரிஸ் எழுதுகிறார். 1247-ல் மூன்றாம் ஹென்றி பழைய காசு முழுவதையும் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்கச் சொன்னார். புதுக்காசில் சிலுவையின் நான்கு முனையும் விளிம்பைத் தொடும். முனை தெரியாத காசை வாங்காதே என்பது ஏற்பாடு. இந்த வேலைக்கு முதல் போட்டது அரசரின் தம்பி, கார்ன்வால் கோமான் ரிச்சர்ட். 10,000 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கின் ஓர் அளவு) வெள்ளியைக் கொடுத்து, வரும் லாபத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். அவர் பணக்காரரானதற்கு இந்த ஒப்பந்தமும் ஒரு காரணம்.

1248 முதல் 1250 வரை லண்டன், கேன்டர்பரி போதாதென்று பதினாறு ஊர்களில் தற்காலிக அக்கசாலைகள் திறந்தார்கள். யார்க், லிங்கன், நார்விச், எக்ஸெட்டர், பிரிஸ்டல், ஆக்ஸ்ஃபர்ட், இல்செஸ்டர், வாலிங்ஃபர்ட், கார்லைல் என்று நாடு முழுக்கப் பரவிய ஊர்கள் அவை. உங்கள் மகள் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். லண்டனும் கேன்டர்பரியும் மலிவு. லிங்கன், நார்விச், வின்செஸ்டர் கொஞ்சம் கூடுதல். இல்செஸ்டரும் வாலிங்ஃபர்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு காசை எடுத்துப் படித்தே பார்ப்போம். நீங்கள் முதலில் சந்திக்கப்போகும் காசு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். குறுக்கே சுமார் 18 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, தாள் போல மெல்லியது. பின்பக்கத்தில் இரட்டைக் கோட்டுச் சிலுவை காசை நான்காகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கால்பகுதியிலும் மூன்று புள்ளிகள். வெளிவட்டத்து எழுத்தையும் சிலுவையே மூன்று மூன்றாகத் துண்டாக்கிவிடுகிறது: என்-ஐ-சி, ஓ-எல்-ஈ, ஓ-என்-எல், வி-என்-டி.

எங்கே தொடங்குவது என்பதுதான் முதல் சிக்கல். ஏறத்தாழ எல்லாக் காசிலும் ‘ஒன்’ என்ற சொல் உண்டு, ‘இந்த ஊரில்’ என்று பொருள். முதலில் அந்த ஓ-வையும் என்-னையும் தேடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது ஆள், பின்னால் இருப்பது ஊர். ஆக, ‘நிகோலே ஒன் லுண்ட்’. லண்டனில் நிக்கலஸ். யு என்ற எழுத்துக்கு எப்போதும் வி-தான். ஈ வட்டமாக, சி-க்குள் ஒரு கோடு போட்டது போல இருக்கும். கோடு தேய்ந்துபோனால் சி என்றே படிப்போம். என்-னும் டி-யும் பல காசுகளில் ஒரே காலைப் பங்கிட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். இந்த நான்கு விஷயம் பழகிவிட்டால் பத்தில் ஏழு காசை நீங்களே படித்துவிடலாம். அதே நிக்கலஸ் கேன்டர்பரியிலும் அடித்திருக்கிறார். அங்கே கடைசியில் ‘கான்ட்’ என்று இருக்கும். ரெனோ, ஹென்றி, ரிச்சர்ட், கில்பர்ட், வில்லெம் என்ற பெயர்களும் அடிக்கடி வரும்.

முன்பக்கத்திலும் படிக்க ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ‘ஹென்ரிகுஸ் ரெக்ஸ்’ (ஹென்றி அரசர்) என்பதற்குப் பிறகு ‘மூன்று’ என்று குறித்திருப்பார்கள். சிலவற்றில் எழுத்தால், சிலவற்றில் மூன்று கோடுகளால். அரசர் கையில் செங்கோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வாளர்கள் இந்தக் காசுகளைக் கால வரிசையில் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். செங்கோல் இல்லாதவை முதல் மூன்று வகுப்புகள், 1247-ஐ ஒட்டிய சில ஆண்டுகள். இருந்தால் அதற்குப் பிந்தியது. இந்த வகுப்புப் பிரிவினை தலையைச் சுற்றும், ஆனால் அதன் அடிப்படை எளிது. அச்சில் எழுத்தை யாரும் உளியால் செதுக்கவில்லை. நேர்கோட்டுக்கு ஒரு முத்திரை உளி, பிறைக்கு ஒன்று, முக்கோணத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு அவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் குத்தியே எழுத்து, முடி, கிரீடம் எல்லாம் செய்தார்கள். ஒரு உளியின் முனை உடைந்தால் அந்த உடைசல் அடுத்து செய்த அச்சிலெல்லாம் வரும். எந்தக் காசு முந்தி, எது பிந்தி என்று ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாக வரிசைப்படுத்தியதற்கு இதுவும் ஒரு திறவுகோல். நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்குவது போதும்.

இந்தக் காசுகள் ஏன் இவ்வளவு மலிவு என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எழுநூற்றைம்பது வருடத்து வெள்ளிக்காசு, நல்ல நிலையில், இன்று பெரும்பாலும் 40 முதல் 90 பவுண்டுக்குள் கிடைக்கிறது. காரணம் புதையல்கள். 1908-ல் பிரஸ்ஸல்ஸில் கிடைத்த ஒரே புதையலில் சுமார் 1,50,000 காசுகள். அதில் பாதிக்கும் மேல் இந்த ஆங்கிலப் பென்னி வகை. 1969-ல் கோல்செஸ்டரில் 14,000-க்கும் அதிகம். பிளாண்டர்ஸ் நெசவாளர்கள் ஆங்கிலக் கம்பளிக்கு வெள்ளியைக் கொட்டிக் கொடுத்த காலம் அது. ஜெர்மன் மலைகளில் தோண்டிய வெள்ளி ஆடுகளின் முதுகில் ஏறி இங்கிலாந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மை கொண்ட அந்த ஸ்டெர்லிங் பென்னியை ஐரோப்பாவில் எங்கும் நம்பி வாங்கினார்கள். ஊரில் ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஒரு நாள் கூலி அது.

சில்லறைக்கு என்ன செய்தார்கள்? பென்னியையே பாதியாக, காலாகச் சிலுவைக் கோட்டின் மேல் வெட்டிக்கொண்டார்கள். வெட்டுக் காசுகள் பத்திருபது பவுண்டில் கிடைக்கும். பல சேகரிப்பாளர்கள் மதிப்பதில்லை. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். முழுப் பென்னி பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட பணம். சந்தையில் ரொட்டிக்கும் பீருக்கும் கை மாறியது இந்தக் கால்காசுதான்.

இப்போது ரிச்சர்டுக்கு வருகிறேன். லயன்ஹார்ட் 1189 முதல் 1199 வரை ஆண்டார். அவர் பெயர் பொறித்த ஆங்கிலக் காசு ஒன்றுகூடக் கிடையாது. அவர் தந்தை இரண்டாம் ஹென்றி 1180-ல் தொடங்கிய குட்டைச் சிலுவைக் காசு, ‘ஹென்ரிகுஸ்’ என்ற பெயரை மாற்றாமலே 1247 வரை ஓடியது. தந்தை, ரிச்சர்ட், ஜான், ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி, நால்வர் காலத்திலும் காசில் ஒரே ஹென்றி. ஜானின் பெயரைப் பார்க்க அயர்லாந்துக் காசுக்குப் போக வேண்டும். டப்ளினில் அடித்ததில் முக்கோணத்துக்குள் அவர் முகமும், அதைச் சுற்றி அவர் பெயரும் இருக்கும். ரிச்சர்டின் பெயர் வேண்டுமென்றால் பிரான்சில் அவர் ஆண்ட புவாத்து, அக்கித்தேன் பகுதிகளின் காசுகளில்தான் உண்டு. புவாத்து காசில் முகமே இல்லை, முன்பக்கத்தில் சிலுவை, பின்பக்கம் வரிவரியாக எழுத்து மட்டும். ஆனால் ‘ரிகார்துஸ் ரெக்ஸ்’ என்று தெளிவாகப் படிக்கலாம். விலையும் அப்படியொன்றும் பயமுறுத்தாது.

ஆனால் அவர் காலத்தில் இங்கிலாந்தில் அடித்த பென்னியைப் பிரித்தறிய முடியும். குட்டைச் சிலுவைக் காசுகளை எட்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று, நான்கின் முதல் பிரிவு ஆகியவை ரிச்சர்ட் காலத்தவை. சுருள்முடியின் எண்ணிக்கை, தாடி, கழுத்துப்பட்டை ஆகியவற்றை வைத்துச் சொல்வார்கள். ஆஸ்திரியக் கோமான் பிடித்து, ஜெர்மன் பேரரசரிடம் கைமாறி, 1,50,000 மார்க் மீட்புத்தொகைக்காக நாடே வரி கொடுத்த காலம் அது. அந்த வரியில் போனவை இந்தப் பென்னிகள்தான். சாதாரணக் குட்டைச் சிலுவைக் காசைவிட இது விலை கூடுதல். ‘ரிச்சர்ட் காலம்’ என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். எந்த வகுப்பு, எந்த அக்கசாலைக்காரர் என்று டீலரைக் கேளுங்கள். அந்தப் பெயர் அந்த ஊரில் அந்த வகுப்பில் அடித்ததாகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: ஜானின் 1205 மறு அச்சடிப்பில் லிங்கன் நகரத்தை நார்மன் பிரெஞ்சு வழக்கில் ‘நிகோ’ என்று பொறித்தார்கள், யார்க் ‘எவர்விக்’ ஆனது. ‘ஒன்’ என்பதற்குப் பின்னால் நிகோ வந்தால் அது ஆளல்ல, ஊர்.

1279-ல் முதலாம் எட்வர்ட் எல்லாவற்றையும் மாற்றினார். மார்செய் நகரத்து வில்லியம் தெ டர்ன்மிர் என்ற நிபுணரை அமர்த்தி, அக்கசாலைக்காரர் பெயர்களை நீக்கிவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் வைத்தார். வட்டமான அரைப்பென்னியும் கால்பென்னியும் வந்தன, காசை வெட்ட வேண்டிய தேவை போனது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்து அக்கசாலையில் மட்டும் ராபர்ட் த ஹேட்லி என்பவரின் பெயர் இன்னும் சில காலம் தொடர்ந்தது. அந்த ஒரு காசைத் தேடிப் பிடியுங்கள், ஆங்கிலப் பென்னியில் ஒரு தனிமனிதனின் பெயர் கடைசியாக நிற்கும் இடம் அது. அதே மறு அச்சடிப்பின் முன்னோட்டத்தில்தான் காசைக் கத்தரித்ததாகக் குற்றம் சாட்டி நாட்டின் யூதர்களை மொத்தமாகக் கைது செய்தார்கள். லண்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான யூதர்களைத் தூக்கிலிட்டார்கள். அதே குற்றத்துக்காகச் செத்த கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. 1290-ல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். இந்த அழகான புதுப்பென்னியைக் கையில் எடுக்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பல விற்பனைக் குறிப்புகள் இதைச் சொல்லாமலே போகின்றன.

எட்வர்ட் பென்னிகள் எண்ணிக்கையில் மிகுதி, விலையும் நெட்டைச் சிலுவையைப் போலத்தான். ‘சிவிதாஸ் லண்டன்’ என்பது லண்டன் நகரம், ‘சிவிதாஸ் கான்டோர்’ கேன்டர்பரி. டர்ஹம் காசுகளைத் தனியே சொல்ல வேண்டும். அங்கே பிஷப்புக்கு அக்கசாலை உரிமை இருந்ததால் தன் அடையாளத்தைக் காசில் போட்டுக்கொண்டார். ஆன்டனி பெக் பிஷப்பாக இருந்தபோது அவருடைய சிலுவைச் சின்னம் வரும். அவருக்குப் பின் வந்த கெல்லாவ் காலத்தில், 1311 முதல் 1316 வரை, பின்பக்கச் சிலுவையின் ஒரு முனை பிஷப்பின் கைத்தடியாகவே வளைந்துவிடும். ஒரு பென்னியில் இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பிஷப் தன் அதிகாரத்தைக் காட்டிய விதம் எனக்கு எப்போதும் வியப்புதான்.

1351-க்குப் பிறகு குரோட் என்ற நான்கு பென்னிக் காசு பரவலாகிறது. பெரிய காசு வேண்டுமென்றால் ஆறாம் ஹென்றியின் முதல் ஆண்டுகளில் கலே துறைமுகத்தில் அடித்தது ஒன்று வாங்குங்கள். கழுத்தின் இரு பக்கமும் சின்ன வளையம் இருக்கும். இடைக்காலக் குரோட்களில் அதுதான் மலிவு. மற்றபடி குரோட்கள் விலைக்கு ஏற்ற சுவாரசியம் தருவதில்லை என்பது என் எண்ணம். 973-க்கும் 1180-க்கும் இடைப்பட்ட பென்னிகளை இப்போதைக்கு அருங்காட்சியகத்தில் பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் 68-ஆம் அறை நாணயங்களுக்கே உரியது, கட்டணமும் இல்லை. அந்தக் காலத்தில் நீங்கள் ஆசைப்படக்கூடிய ஒன்று ‘டீல்பி’ பென்னி, இரண்டாம் ஹென்றியின் 1158 முதல் 1180 வரையான காசு. 1807-ல் லிங்கன்ஷயரில் டீல்பி என்ற ஊரில் ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்தன, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். வெள்ளி நல்லது, அச்சு மிக மோசம். பாதி எழுத்துகூடத் தெரியாது. படிக்கக் கற்றபிறகு வாங்கினால் அதன் அருமை தெரியும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? டீலர்கள் ‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’ என்று தரம் போடுவது தேய்மானத்தை வைத்து. சுத்தியால் அடித்த காசில் தேய்மானம் பாதிக் கதைதான். கீழ் அச்சின் மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்த காசு இது. அடி சரியாக விழாமல் ஒரு பக்கம் மங்கியிருக்கும், இரண்டாவது அடி விலகி எழுத்து இரட்டித்திருக்கும். நான் பார்ப்பது மூன்று: பின்பக்கத்துப் பெயரும் ஊரும் முழுதாகப் படிக்க முடிகிறதா, விளிம்பு கத்தரிக்கப்படாமல் வட்டமாக இருக்கிறதா, எடை சரியா. 0.01 கிராம் வரை காட்டும் தராசு மலிவாகவே கிடைக்கிறது. 1279 வரையான பென்னி 1.4 கிராமை ஒட்டியிருக்க வேண்டும். 1.1 இருந்தால் யாரோ கத்தரித்திருக்கிறார்கள் என்று பொருள், அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். எடை பிற்காலத்தில் அரசாணையாலேயே குறைந்தது: 1351-ல் 1.17, 1412-ல் 0.97, 1464-ல் 0.78 கிராம்.

கறுத்த வெள்ளியைப் பளபளப்பாக்க ஆசை வரும். வேண்டவே வேண்டாம். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்குக்கு விபூதியும் புளியும் பற்பசையும் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தக் காசில் அதைச் செய்தால் மேல்தோலோடு விலையில் பாதியும் போய்விடும். வளைந்த காசை நிமிர்த்தவும் கூடாது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், பட்டென்று உடையும். அதைவிட முக்கியம், அந்த வளைவு வேண்டுதலாக இருக்கலாம். நோயாளிக்காகவோ கடலில் தத்தளிக்கும் கப்பலுக்காகவோ ஒரு புனிதரை வேண்டிக்கொண்டு, பென்னியை வளைத்து, அதை அந்தப் புனிதரின் தலத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இடைக்கால இங்கிலாந்தில் இருந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போலிகள் பற்றி. அந்தக் காலத்துப் போலி வேறு, இந்தக் காலத்துப் போலி வேறு. செம்பின் மேல் வெள்ளி பூசிய பழைய போலிகள் சரித்திரம்தான், பச்சை படிந்த செம்பு எங்காவது எட்டிப் பார்க்கும். பிளாண்டர்ஸ், ஹைனோ, லக்ஸம்பர்க் பகுதிப் பிரபுக்கள் எட்வர்ட் பென்னியைப் பார்த்துத் தங்கள் பெயரில் அடித்த நகல்களும் உண்டு. கிரீடத்துக்குப் பதில் ரோஜா மாலை இருந்தாலோ தலை வெறுமையாக இருந்தாலோ அதைச் சந்தேகியுங்கள். 1300-ல் எட்வர்ட் அவற்றைச் செல்லாதவையாக்கினார். அவற்றைத் தனியாகவே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைய போலிதான் ஆபத்து. வார்ப்புப் போலியில் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சோப்பு போல வழுக்கும் எழுத்து, விளிம்பில் அரம் போட்ட தடம் தெரியும். நிச்சயமான சோதனை வேறு: கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் வந்தாலும் வெளிவிளிம்பு ஒரே வடிவத்தில் அமையாது. இணையத்தில் விற்கும் இரண்டு காசுகளின் வெடிப்பும் விளிம்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இரண்டுமே போலி. மலிவான நிக்கலஸ் பென்னியைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவது அரிது. ஆல்ஃபிரட், ஹரால்ட், மட்டில்டா என்று பெயர் கேட்டாலே நாவூறும் காசுகளைத்தான் செய்கிறார்கள். முகத்தைத் துரத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வாங்குவதற்கு பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கமான பிஎன்டிஏ உறுப்பினர்களிடம் போங்கள். லண்டன், யார்க் நாணயக் கண்காட்சிகளில் கையில் எடுத்துப் பார்க்கலாம். கேட்டால் பழைய டீலர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். ஏலத்தில் எடுத்தால் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் கமிஷனும் அதற்கு வாட் வரியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு போய், நில உரிமையாளர் அனுமதியோடு ஒற்றைக் காசு எடுத்தால், அது யாருக்கு என்பது பெரும்பாலும் எடுத்தவரும் நில உரிமையாளரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பொறுத்தது. ஆனால் 300 ஆண்டு தாண்டிய வெள்ளிக்காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 1996 சட்டப்படி அது புதையல், 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரியான கரோனரிடம் சொல்ல வேண்டும். 2015-ல் ஹெரிஃபர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையல் ஒன்றை எடுத்தவர்கள் சொல்லாமல் மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். மீட்க முடிந்தது ஏறத்தாழ 30. ஆல்ஃபிரட் காலத்து அரசியலையே திருத்தி எழுத வைக்கும் காசுகள் அதில் இருந்தன. 2019-ல் அவர்களுக்குச் சிறை. வாங்கி விற்றவர்களும் சிக்கினார்கள். ஆகவே ரசீது, பழைய சேகரிப்பின் சிறு அட்டை, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமில் பதிந்திருந்தால் அதன் எண், எல்லாவற்றையும் காசோடு சேர்த்தே வையுங்கள். ஊருக்குக் கொண்டு போகும் எண்ணமிருந்தால் இரண்டு விஷயம்: பிரிட்டன் மண்ணில் எடுத்த காசுக்கு ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம், டீலரிடம் கேளுங்கள். இந்தியாவில் நூறாண்டு தாண்டிய நாணயம் 1972 சட்டத்தின் கீழ் தொல்பொருள். உள்ளே போனதை மறுபடி வெளியே கொண்டுவருவது எளிதல்ல.

உங்கள் ஐந்நூறு பவுண்டில் நான் என்ன வாங்குவேன் என்றால்: லண்டன் நிக்கலஸ் ஒன்று, மாகாண அக்கசாலைக் காசு ஒன்று, ஜான் காலத்துக் குட்டைச் சிலுவை ஒன்று, ராபர்ட் த ஹேட்லி அல்லது கெல்லாவ் பிஷப்பின் பென்னி ஒன்று, வெட்டுக் காசு இரண்டு. மிச்சத்தில் லென்ஸ், தராசு, ஓர் அடையாள நூல். பிவிசி உறையில் போடாதீர்கள், காலப்போக்கில் பச்சைப் பிசின் கசியும். அமிலமில்லாத காகித உறை போதும்.

பிள்ளை கையில் தாராளமாகக் கொடுங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, விளிம்பைப் பிடித்து, கீழே ஒரு துணி விரித்து. முதலில் வெட்டுக் காசைக் கொடுங்கள், விழுந்தாலும் நஷ்டம் குறைவு. அதில் ஆறேழு எழுத்துதான் இருக்கும். ‘ஒன்’ எந்தப் பக்கம் இருந்திருக்கும், மிச்சப் பெயர் என்னவாக இருக்கும் என்று மகளே கண்டுபிடிக்கட்டும். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தின் இணையப் பதிவில் 1180-க்கு முந்தியவையும், போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் பதிவில் எல்லாக் காலத்தவையும் படத்தோடு இலவசமாக இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்து வயலில் யார் பெயர் பொறித்த பென்னி கிடைத்தது என்றுகூட அதில் தேடிப் பார்க்கலாம்.